தமிழ்ப் பக்கத்தில் மட்டும் வளராத எழுத்து

போன கிழமை, இணையத்தளம் செய்யும் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது ஒரு தம்பி கேட்டார்: "மேடம், எழுத்தைப் பெருசாக்கிற பொத்தானெல்லாம் பழைய காலத்து விஷயம்தானே? இப்ப போனிலயே விரலால பெருப்பிச்சிக்கலாம். அதுக்குப் போயி ஏன் நாள வீணாக்கணும்?"

நான் சிரித்துவிட்டு உங்கள் தேத்தண்ணியைக் குடித்து முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். சிரித்தது மரியாதைக்கு. பஸ்ஸில் உட்கார்ந்து அவர் கேட்டதையே நினைத்துக்கொண்டு போனேன். அந்தத் தம்பி மேல் கோபமில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டு மாலை போடுகிறீர்கள், படம் பிடிக்கிறீர்கள், கேட்க வேண்டியதைக் கேட்பதில்லை. நீங்கள் கேட்காவிட்டாலும் நான் சொல்லிவிடுகிறேன்.

நான் தெரணியகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். இரத்தினபுரி டவுனில் ஓர் அச்சகத்தில் தமிழ் தட்டச்சு செய்யச் சேர்ந்தேன். கல்யாணக் கார்டும் மரண அறிவித்தலும் அடித்துக்கொண்டிருந்த அந்த அச்சகம்தான் பிறகு இணையத்தளம் செய்யும் கம்பனியாக மாறியது. நானும் கூடவே மாறினேன். கடைசி வரைக்கும் அங்கே தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். என் பெயரையே மறந்துவிட்டு 'தமிழ் மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருமுறை ஒருவர் திரையைக் காட்டி, "மிஸ், இது தலைகீழா இல்லதானே?" என்று கேட்டார். விளையாட்டாக இல்லை, நிஜமாகவே கேட்டார். எங்கள் கம்பனியில் தமிழ்ப் பக்கத்துக்கு இருந்த பரிசோதனை அவ்வளவுதான்.

முதலாளி டவுனில் பல காலமாகக் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அம்மா சுகமில்லாமல் கிடந்தபோது நான் கேட்கும் முன்பே லீவு கொடுத்து அனுப்பியவரும் அவர்தான். வீட்டில் தமிழ் பேசுவார். படித்தது சிங்களத்தில். தமிழ் எழுத்தைக் கண்டால் சுவரைப் பார்ப்பது போலப் பார்ப்பார். அவரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டுப் போனால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அவர் நல்லவர். நல்லவர் அவசரத்தில் எடுத்த முடிவைப் பற்றித்தான் நான் சொல்லப்போகிறேன்.

டவுனில் இருந்த தனியார் கண் சிகிச்சை நிலையமொன்று எங்களிடம் தளம் செய்யக் கொடுத்தது. சத்திரசிகிச்சை செய்து கண்ணின் வெண்படலத்தை எடுத்த நோயாளிகளுக்கு, வீட்டில் எப்படி இருக்க வேண்டும், எப்போது திரும்பி வர வேண்டும் என்று பெரிய எழுத்தில் அச்சடித்த தாளொன்றை அதுவரை கொடுத்து வந்தார்கள். தமிழிலும் இருந்தது. இனித் தாள் வேண்டாம், அதையெல்லாம் தளத்தில் போட்டு நோயாளியின் போனுக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். டொக்டர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: வாசிக்கப்போகிறவர்கள் கண்ணில் கத்தி பட்டவர்கள், ஆகவே எழுத்தைப் பெரிதாக்க ஒரு பொத்தான் கட்டாயம் வேண்டும். எங்களுக்கு வந்த வாடிக்கையாளர்களில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

பொத்தான் போட்டோம். ஆங்கிலத்தில் அழுத்தினால் அழகாகப் பெரிதானது. சிங்களத்திலும் பெரிதானது. தமிழில் அழுத்தியதும் வந்தது வினை. 'சத்திரசிகிச்சைக்குப் பின்னர்' என்று போட்டாலே போதும், பெட்டியை இடித்துக்கொண்டு வெளியே வந்து, பக்கத்தில் இருந்த டொக்டரின் படத்தில் ஏறி, போனின் ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டது. தமிழ்ச் சொல் நீளம். பெட்டியின் அகலத்தை நாங்கள் சிங்களச் சொல்லுக்கு அளவெடுத்துக் கட்டிப்போட்டிருந்தோம். மறுநாள் காலையில் டொக்டரிடம் காட்ட வேண்டும். முதலாளி என் மேசைக்கு வந்து குனிந்து பார்த்தார்.

"இது என்ன தங்கச்சி, பெட்டிய ஒடச்சிக்கிட்டு வெளிய வருது?"

"பெட்டிய கட்டிப்போட்டிருக்கோம் சேர். அவுத்துவிட்டா எழுத்தோட சேந்து அதுவும் வளரும். மூணு பாஷைக்கும் ஒரே பெட்டிதான், அதால மூணையும் மாத்திப் பாக்கணும்."

"மூணையுமா? சிங்களப் பக்கம் நல்லாத்தானே ஈக்கிது. அதில கைய வெச்சி அதுவும் ஒடஞ்சா நாளைக்கி டொக்டருக்கு என்னத்த காட்டுற?"

அந்தப் பயம் நியாயமானது. நானாக இருந்தாலும் பயந்திருப்பேன். ஓடுகிற ஒன்றில், காட்டுவதற்கு முதல்நாள் கை வைக்கக்கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். ஆனால் அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

"தமிழ்ப் பக்கத்துல ஈக்கிற விஷயத்த படமா எடுத்துப் போடுங்க. படம் ஒடயாதே. காட்டி முடிஞ்ச பொறகு ஆறுதலா சரிசெய்வோம்."

"படமாப் போட்டா பொத்தான அமத்தினாலும் பெருசாகாது சேர்."

"தலைப்பு பெருசாகும்தானே?"

"தலைப்பு மட்டும்தான் ஆகும். அது பெட்டிக்கு வெளிய இருக்கு."

"போதும். டொக்டர் என்ன, தமிழ் வாசிக்கவா போறார்?"

நான் மாட்டேன் என்று கையை எடுத்துக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நான் தட்டச்சு செய்த தமிழை அப்படியே படம் பிடித்து, அவரே பக்கத்தில் ஒட்டினார். ஒட்டிவிட்டு, "பாருங்க, தலைகீழா இல்லதானே?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தத் தம்பி கேட்ட 'விரலால் பெருப்பிப்பது' பற்றியும் சொல்லிவிடுகிறேன். பக்கம் விரலுக்கு ஆடினால் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று எங்கள் தளங்கள் எல்லாவற்றிலும் அதைப் பூட்டி வைத்திருந்தோம். எங்களுக்கு அது ஒரு பெருமை. பொத்தான் இருக்கிறதே, விரல் எதற்கு என்று சொல்லிக்கொண்டோம். இன்றைக்கும் பூட்டுகிறவர்கள் உங்களுக்குள் இருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் டொக்டர் வந்தார். சிங்களப் பக்கத்தில் பொத்தானை அழுத்தினார். எழுத்து பெருத்தது. இன்னும் அழுத்தினார், இன்னும் பெருத்தது. சின்னப் பிள்ளை மாதிரிச் சந்தோஷப்பட்டார். பிறகு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து ஒருமுறை அழுத்தினார். தலைப்பு வளர்ந்தது. "ஹரி, ஹரி" என்று, சரி என்பதைச் சிங்களத்தில் சொல்லித் தலையாட்டினார். அவரிடம் நான் சொன்னேன், இந்தப் பக்கம் இன்னும் முடியவில்லை என்று. முதலாளி இடையில் புகுந்து, சின்ன வேலையொன்று பாக்கி, இந்தக் கிழமையே முடியும் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. முடிக்கத்தான் நினைத்தார்.

முடிக்கவில்லை. நான் கேட்கும்போதெல்லாம், "செய்வோம் தங்கச்சி, இத முடிச்சிட்டு" என்பார். 'இது' என்பது ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தது. கித்துல்கலையில் படகு விடும் ஹோட்டல்காரர் ஒருவருக்கு முன்பக்கத்தில் ஆற்று அலை அசைய வேண்டுமாம். அதற்கு அலுவலகம் முழுவதும் மினக்கெட்டது. நுரை சரியாக வரவில்லை என்று திரும்பத் திரும்பச் செய்தோம். ஆற்றை அசைக்க எங்களுக்கு நேரம் இருந்தது.

பிறகு ஒருநாள் காலையில் சிகிச்சை நிலையத்திலிருந்து முதலாளிக்கு அழைப்பு வந்தது. பேசி முடித்துவிட்டு நேரே என் மேசைக்கு வந்தார். நோயாளி ஒருவரின் மனைவி வரவேற்பு மண்டபத்தில் நின்று போனைத் தூக்கிக் காட்டிச் சத்தம் போடுகிறாராம். ஒரு கண் போய்விட்டதாம்.

"மொதல்ல அந்தப் பக்கத்த சரிசெய்ங்க தங்கச்சி. செஞ்சிட்டு நீங்களே போயிட்டு வாங்க. எனக்கு அவங்க மொகத்த பாக்க ஏலாது."

உட்கார்ந்தேன். பெட்டியை அவிழ்த்துவிட்டேன். படத்தை எடுத்துவிட்டு எழுத்தை எழுத்தாகவே போட்டேன். விரலுக்குப் போட்டிருந்த பூட்டையும் கழற்றினேன். மூன்று பாஷையிலும் அழுத்திப் பார்த்தேன். சிங்களப் பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. காலைத் தேத்தண்ணி இன்னும் மேசைக்கு வரவில்லை.

மண்டபத்தில் அந்த அம்மா நின்றுகொண்டே இருந்தார். பக்கத்து வாங்கில் அவர் கணவர் உட்கார்ந்திருந்தார், ஒரு கண்ணில் கட்டு. கஹவத்தைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டி ஓய்ந்தவர். தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்தவர். தோட்டத்துத் தலைவர் என்றால் என்ன என்று உங்களில் சிலருக்குத் தெரியாது. ஒப்பீசில் இருந்து வருவதையும், டவுனில் இருந்து வருவதையும், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை அனுப்புவதையும், தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிற லயத்துக்காரர்கள் அவரிடம்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அவர் சத்தமாக வாசித்துச் சொல்லுவார். இப்போது போனில் வருவதையும் அப்படியே நீட்டுகிறார்கள். வயது போய்ப் பதவி போனாலும் அவர் 'தலைவர்'தான். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

நடந்ததை அந்த அம்மாதான் சொன்னார். சத்திரசிகிச்சை நன்றாக முடிந்திருக்கிறது. மறுநாள் வந்து காட்டியபோதும் குறையில்லை. மிச்சமெல்லாம் போனில் வரும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வலி அதற்குப் பிறகுதான் ஆரம்பித்திருக்கிறது.

"வலின்னா அப்படி வலி மிஸ். தலகாணிய கடிச்சிக்கிட்டுக் கெடந்தாரு. கண்ணு கோவப்பழம் மாதிரி செவந்து கெடக்கு. வாங்க போவோம், பஸ் இல்லாட்டி த்ரீவீலராச்சும் புடிப்போம்னு கெஞ்சினேன். கேட்டாரா? போன எடுத்து என் மூஞ்சிக்கு நேரா காட்டுறாரு. 'பாரு, எம்மாம் பெரிய எழுத்துல போட்டிருக்கு, பயப்பட வேணாம்னு. டாக்டர விட ஒனக்குக் கூடத் தெரியுமா?'ங்கிறாரு. ஊருக்கே வாசிச்சுச் சொல்ற மனுசன். அவரு வாசிச்சா சரியாத்தான் இருக்கும்னு நானும் வாய மூடிக்கிட்டேன். கண்ணு இருட்டிப்போன பொறகுதான் கெளம்பி வந்தோம், இனிக் காப்பாத்த முடியாதுன்னுட்டாங்க. இந்த வாய எதுக்குத்தான் மூடினேனோ!"

தலைப்பு என்ன என்று நான் போனைப் பார்க்கத் தேவையில்லை. அந்தத் தமிழ் என்னுடையது. 'சத்திரசிகிச்சைக்குப் பின்னர் கண்ணில் சிறிது உறுத்தல் இருக்கலாம். பயப்பட வேண்டாம்.' இது தலைப்பு. இதற்குக் கீழே, படமாகிப்போன பகுதியின் முதல் வரி: 'ஆனால் வலி கூடினாலோ, கண் சிவந்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றே வாருங்கள்.'

தலைவர் பொத்தானை அழுத்த அழுத்த, பயப்பட வேண்டாம் என்பது பெரிதாகிக்கொண்டே போயிருக்கிறது. பெரிதான தலைப்பு, மற்றதைத் திரைக்குக் கீழே தள்ளியிருக்கிறது.

"கீழ என்னமோ இருந்திச்சு மிஸ்" என்றார் தலைவர். மெல்லத்தான் பேசினார். "எறும்பு ஊர்ற மாதிரி பொடிசு பொடிசா. விட்டு விட்டு அமத்திப் பாத்தேன். அது அசையவே இல்ல. பக்கத்துல சிங்களத்துக்குப் போற எடம் இருந்திச்சு. அதையும் அமத்தினேன். அடேயப்பா, அதுல எல்லாம் பெருசாவுது! ஒவ்வொரு எழுத்தும் சும்மா கொட்டப்பாக்கு கணக்கா வருது. ஆனா சிங்களம் நமக்கு வாயிலதானே இருக்கு. கண்ணுல இல்லையே."

"யார்கிட்டயாச்சும் குடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கலாமே தலைவரே?"

அவர் கட்டில்லாத கண்ணால் என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணிலும் படலம் இருந்தது.

"நானா?" என்றார்.

ஒரு லயமே யாரிடம் போனை நீட்டுமோ, அவர் யாரிடம் போய் நீட்டுவார்? அவர் வறட்டுக் கௌரவம் பார்த்தார் என்று பிறகு அலுவலகத்தில் ஒருவர் சொன்னபோது நான் போட்ட சத்தத்தில் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். வாசிக்கத் தெரிந்த மனிதனை வாசிக்க முடியாதவனாக ஆக்கியது நாங்கள். கௌரவத்தைப் பற்றி எங்களுக்கு என்ன பேச்சு?

நான் இங்கே பாவமன்னிப்புக் கேட்க உட்காரவில்லை. நான் சொன்னேன். முதலாளியிடம் சொன்னேன், டொக்டர் முன்னாலும் சொன்னேன், பிறகும் சொன்னேன். சொன்னவள் என்ற அந்த மண்ணாங்கட்டிப் பெருமையை இன்றைக்கு வரைக்கும் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதை வைத்து ஓர் எழுத்தைக்கூடப் பெரிதாக்க முடியாது.

உங்களுக்கும் ஒருநாள் வரும். நாளைக்குக் காட்ட வேண்டும், ஒன்று உடைந்து கிடக்கும், மற்றது நன்றாக ஓடும். அப்போது ஓடுகிறதில் கை வைக்காதீர்கள், அதில் முதலாளி சொன்னது சரி. உடைந்ததை என்ன செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முடிந்தது போலக் காட்டாதீர்கள். எடுத்துவிடுங்கள். வெறும் இடமாக விடுங்கள். தமிழ்ப் பக்கம் இன்னும் இல்லை என்று பச்சையாகப் போட்டிருந்தால் அந்தச் சிகிச்சை நிலையம் என்ன செய்திருக்கும்? அலுமாரியில் கிடந்த பழைய தாளை எடுத்துத் தலைவர் கையில் கொடுத்திருக்கும். பெரிய எழுத்து. அவர் வாசித்திருப்பார். இல்லாத பக்கம் அவரை ஒன்றும் செய்திருக்காது. இருப்பது போல நின்ற பக்கம்தான் கண்ணைத் தின்றது.

அடுத்த வாடிக்கையாளர் வந்தபோது முதலாளி அதே தளத்தைத்தான் திறந்து காட்டினார். "எங்கட தமிழ்ப் பக்கமும் பெருசாகும், பாருங்க" என்று அழுத்தினார். அழுத்தும்போது என் பக்கம் மட்டும் அவர் திரும்பவில்லை. ஆனாலும் காட்டினார். வியாபாரம் நடக்க வேண்டுமே.

மண்டபத்தில் அன்றைக்கு நடந்தது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. சொல்லாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். அந்தத் தம்பிக்காகச் சொல்கிறேன்.

நான் அந்த அம்மாவிடம் போனை வாங்கி, சரிசெய்த பக்கத்தைத் திறந்து, பொத்தானை முடிந்த மட்டும் அழுத்தித் தலைவர் கையில் கொடுத்தேன். எதற்குக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது. அவர் அதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். தலைப்பை விரலால் மேலே ஒதுக்கினார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தார். தனக்குள் அல்ல, வாய்விட்டு, லயத்து வாசலில் பத்துப் பேருக்கு வாசித்துப் பழகிய குரலில்.

"ஆனால் வலி கூடினாலோ, கண் சிவந்தாலோ, பார்வை மங்கினாலோ, அன்றே வாருங்கள்."

ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் போனை மடியில் வைத்தார்.

"நான் வாசிச்சிருப்பேனே மிஸ்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். சத்தம் எல்லாம் அடங்கிப்போயிருந்தது.

"இத இப்புடி மாத்தறதுக்கு ரொம்ப நாள் புடிச்சிச்சா மிஸ்?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அது ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். வாயில் பொய் வரவில்லை.

"இல்லம்மா. இன்னிக்குக் காலயில ஒக்காந்தேன். தேத்தண்ணி வர்றதுக்கு முன்னுக்கே முடிஞ்சிச்சு."

"தேத்தண்ணி வர்றதுக்கு முன்னுக்கே" என்று அவர் திருப்பிச் சொன்னார். போனை எடுத்துப் பையில் போட்டார். தலைவர் எழுந்து, "வா புள்ள, கஹவத்த பஸ்ஸு போயிரும்" என்றார். அந்த அம்மா சுற்றி வந்து, கட்டுப் போட்ட கண் இருந்த பக்கமாக நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.